என் குரூப்பில் எனக்கு வாய் இல்லை

கரிசலில் கிணறு நிற்காது, மண் சரிந்துவிடும் என்றார்கள். நான் வெட்டிய கிணறு முப்பது வருஷமாக நிற்கிறது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு டிராக்டர் எதற்கு என்றார்கள். ஊருக்குள் முதல் டிராக்டரை ஓட்டி வந்தவன் நான்தான். கழுகுமலை பஸ் எங்கள் ஊர்ப் பாதை பிரியும் விலக்கில் நிற்காமல் போனபோது, நடுரோட்டில் மாட்டைக் கட்டிப்போட்டு நிற்க வைத்ததும் நான்தான். எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒன்று கட்டினேன். அது எங்கள் ஊரில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகளின் வாட்ஸ்அப் குரூப்.

வீடு வீடாகப் போய் நம்பர் வாங்கினேன். எனக்கு எழுத வராது, பேசித்தான் அனுப்புவேன். மானாவாரிப் புஞ்சையில் ஆளுக்கொன்று விதைக்க முடியாது. சுற்றிலும் மக்காச்சோளம் நிற்க ஒருவன் மட்டும் கம்பு போட்டால், வட்டாரத்துக் குருவி மொத்தமும் அவன் புஞ்சையில்தான் இறங்கும். அதனால் புரட்டாசி விதைப்புக்கு முன்னால் குரூப்பில் பேசி முடிவெடுப்போம். ஒரு வருஷம் பேச்சு முற்றிச் சண்டையானது. அன்றைக்கு நான் சட்டம் போட்டேன்.

"இனி யாரும் வளவளன்னு பேசப்படாது. நான் சொல்லுதேன், எல்லாரும் கும்பிடு போடுங்க. போடாதவன் வீட்டுக்கு நேர்ல வருவேன்."

போனில் பொம்மைக் கைகள் வரிசையாகக் கும்பிட்டன. சொல்லக் கூச்சமில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

எழுத்து வேலைக்கென்று எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை இன்னொரு அட்மின் ஆக்கினேன். கோவில்பட்டியில் விதைக்கடை வைத்திருப்பவன். போன வருஷம் என் போன் கிணற்றில் விழுந்தது. புது நம்பரைக் குரூப்பில் சேர்த்தவனும் அவன்தான்.

இந்தப் புரட்டாசியில், "எல்லாரும் மக்காச்சோளம்" என்று அவன் போட்டான். போன வருஷம் காட்டுப்பன்றி புகுந்து நாசம் செய்த பயிர் அது. கம்பு போடலாம் என்று சொல்ல மைக்கைத் தேடினேன். காணோம். அட்மின் மட்டுமே பேசலாம் என்று கீழே எழுதியிருந்தது. என் புது நம்பரை அவன் அட்மின் ஆக்கவே இல்லை. அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவன் செய்திக்கு அடியில் ஊரே கும்பிட்டுவிட்டது.

நேரே கடைக்குப் போனேன்.

"ஏலே, என் குரூப்ல என் வாயவே கட்டிட்டியா?"

"கோவப்படாதீங்க பெரியப்பா. வளவளன்னு பேசப்படாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீங்கதான?"

"என்னை மறுபடி அட்மின் ஆக்கு."

"பாக்குதேன், பாக்குதேன். மோர் குடிக்கீங்களா?"

அவனுக்குப் பின்னால் மக்காச்சோள விதைப் பைகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

வீம்புக்கு நான் கம்பே விதைத்தேன். கதிரில் பால் பிடித்ததும் குருவிகள் வந்துவிட்டன. விடிந்ததிலிருந்து தகரத்தைத் தட்டிக்கொண்டு புஞ்சையைச் சுற்றி ஓடினேன். ஒரு மூலையில் விரட்டினால் மறு மூலையில் இறங்கும். பக்கத்துப் புஞ்சைக்காரி வரப்பில் நின்று பார்த்தாள்.

"ஒத்தையில கெடந்து கத்துதீங்களே அண்ணாச்சி. எனக்கும் கம்பு போடத்தான் ஆச."

"பின்ன எதுக்குக் கும்பிடு போட்ட?"

"எல்லாரும் போட்டாவ, நானும் போட்டேன். போடலேன்னா நீங்க வீட்டுக்கு வந்துருவீங்கள்ளா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த புஞ்சைக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் கம்புதான் ஆசையாம். அதற்கடுத்தவருக்கும் அப்படித்தான். ஆளுக்கு ஆள் மற்றவரைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

குருவி போக மிச்சத்தை அறுத்தாயிற்று. ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மைக் வந்துவிட்டதா என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். குரூப்பின் முகப்பில் இப்போது அவன் கடைப் பலகைதான் படமாக இருக்கிறது.

விதைக்கடைத் தம்பி, முதலில் அந்தப் படத்தை எடு. எல்லாரும் பேசும்படி திறந்துவிடு. ஆரம்பித்தவர் என்று என் பெயரைப் போடு. வாயை அடைக்கிற சட்டத்தை முதலில் போட்டதும் நான்தான். அதையும் என் பெயரிலேயே எழுது. அது உன் சாமர்த்தியம் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது.