அக்காவுக்குத் தெரிந்த வாசல்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நானும் அக்காவும் ஒரே லைனில் இருந்தோம். அவள் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பாள், நான் அதைச் செக் பண்ணி மிச்ச நூலை வெட்டுவேன். என்னைவிட மூத்தவள், என் சபைதான். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மத்தியானம் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று சேர்ந்து ஜெபிப்போம். என் வீட்டுக்காரர் குடித்த காலத்தில் நான் அழுததெல்லாம் அங்கேதான். கூடப்பிறந்தவளுக்குத் தெரியாததுகூட அக்காவுக்குத் தெரியும்.

என் மகளுக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ரயில்வேயில் வேலை. பெண் பார்க்க வந்தபோது அவன் அம்மா நகைப் பேச்சே எடுக்கவில்லை, என் மகளின் படிப்பைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு மகளைக் கேட்டேன்.

“எனக்குச் சரிதாம்மா” என்றாள்.

எனக்கும் மனசு லேசாக இருந்தது. ஆனாலும் அக்காவோடு ஜெபிக்காமல் பதில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. பையன் போட்டோவை வைத்து ஜெபிக்கிறேன், அனுப்பு என்றாள். வீட்டு விவரத்தோடு அனுப்பினேன். மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றாள்.

“ஒரு வாசல் தெரியுது. மூடியிருக்குது. இது வேணாம்மா.”

“நல்ல இடமா தெரியுதேக்கா.”

“நமக்கு நல்லதா தெரியறது எல்லாம் கர்த்தருக்கு நல்லதா இருக்குமா?”

அந்த வார்த்தையோடே வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர்தான் விடாமல் கேட்டார், “பையன்கிட்ட இன்னா கொறைய கண்ட?” ஜெபத்தில் வேண்டாம் என்று வந்துவிட்டது என்றேன். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. ஜோலார்பேட்டைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அறுப்பின் பண்டிகை முடிந்த அடுத்த ஞாயிறு, ஆராதனையில் ஆயர், நடக்கப்போகும் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையை வாசித்தார். பெண், அக்காவின் அண்ணன் மகள். மாப்பிள்ளை, ஜோலார்பேட்டை. பெயரும் அப்பா பெயரும் அதேதான். இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஆயர் முடித்தார். நான் அக்காவைத் தேடினேன். முன் வரிசையில் இருந்த அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரே போய் நின்றேன்.

“இன்னாக்கா இது?”

“எங்க அண்ணன் பேசி முடிச்சது. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“போட்டோ உன்கிட்டதானே இருந்தது?”

டிபன் பாக்ஸைக் கழுவி மூடினாள். பிறகு, “உனக்கு மூடினாரு, எங்களுக்குத் தொறந்தாரு. அவரு சித்தத்துல நான் இன்னா பண்ண முடியும்?” என்றாள்.

பொய் சொல்கிறவளின் முகமாக அது இல்லை. அவள் அதை நம்பினாளா, அப்போதே கணக்குப் போட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பெண்ணுக்காக ஏறெடுத்த ஜெபத்தை வைத்தே என்னை ஏமாற்றிவிட்டாள் என்பது மட்டும் நெஞ்சை அறுத்தது.

வீட்டில் மகள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். “நான் சரின்னு சொன்னது மட்டும் ஏம்மா உனக்குக் கேக்கல?” அக்கா சொன்னதைவிட அதுதான் வலித்தது.

இப்போது தனியாகத்தான் ஜெபிக்கிறேன். எந்தக் காரியமானாலும் அதில் வாழப்போகிறவரை முதலில் கேட்கிறேன். வேதத்தைப் படித்துவிட்டு அவசரப்படாமல் சில நாள் காத்திருக்கிறேன். கர்த்தர் காட்டினார் என்று யாராவது வந்தால், அதில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்றும் பார்க்கிறேன். இப்படிச் சந்தேகப்படுவது எனக்கே பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் சில நாள் அக்காவின் குரல்தான் கேட்கிறது. அது அடங்கும்வரை முழங்காலிலேயே இருக்கிறேன்.

போன மாதம் நற்கருணை ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், அவள் என்னிடம் வந்து கையை நீட்டினாள். நானும் கொடுத்தேன். சமாதானம் என்று வாய் சொன்னது. உட்கார்ந்ததும், மனசு இன்னும் அதைச் சொல்லவில்லை ஆண்டவரே என்று உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லிவிட்டேன்.