கம்ப்யூட்டர் தோண்டியதும் நெப்பி காய்ந்ததும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் ஐயா, என் ஆறு மாத மகளின் நெப்பித் துணி ஒன்றை எடுத்து, இரண்டு விரலால் கசக்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

பயப்படாதீர்கள். துவைத்த நெப்பிதான்.

அது காய்ந்துகொண்டிருந்த இடம்தான் கொஞ்சம் விசேஷம். என் கணவரின் கம்ப்யூட்டர்!

என் கணவர் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். "பிள்ளை படிப்புக்கு உதவும்" என்று சொல்லித்தான் அந்தப் பெரிய கம்ப்யூட்டரை வாங்கினார். பிள்ளை அப்போது என் வயிற்றில். அது பிறந்து, வளர்ந்து, எழுத்துப் படிக்கும் வரை மெஷின் பழுதாகிவிடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில், தினமும் அதில் கார் ரேஸ் ஓட்டிப் பராமரித்துவந்தார். நானும் தினமும் சண்டை பிடித்தேன்.

அப்புறம் இன்டர்நெட்டில் முகம் தெரியாத யாரோ சொல்லிக்கொடுத்தார்களாம்... பிட்காயின் என்று ஒன்று. இந்த வருடம்தான் தொடங்கியதாம். கம்ப்யூட்டரை ஓடவிட்டால் போதும், அது கணக்குப் போட்டுப் போட்டுக் காசு தோண்டி எடுக்குமாம்.

"அந்தக் காசுக்குக் கடையில என்னாங்க வாங்கலாம்?"

"இப்போதைக்கு ஒன்னும் வாங்க ஏலாது."

"அப்புறம் எதுக்குத் தோண்டுறீங்க?"

"அதெல்லாம் ஒனக்கு வெளங்காது."

உண்மைதான். நான் வெறும் பட்டதாரி ஆசிரியை. எனக்கு எப்படி விளங்கும்?

கார் ரேஸ் நின்றது. தோண்டல் தொடங்கியது. மெஷினின் காற்றாடி தேயிலைத் தொழிற்சாலை மாதிரி இரைந்தது. எனக்கோ நிம்மதி போயிற்று. வயர் உருகுமா? வீடு பற்றிக்கொள்ளுமா? அந்தச் சூட்டுக் காற்று பிள்ளைக்கு ஆகுமா? கேட்கலாமென்று அக்காவுக்குப் போன் எடுத்தால், இரண்டும் ஒரே லைன் என்பதால் இன்டர்நெட் அறுந்துவிடும். இவர் கத்துவார்.

இதற்கிடையில் மழை. எங்கள் ஊர் மழை தெரியும்தானே? துவைத்த துணி நான்கு நாளானாலும் துவைத்த துணியாகவே இருக்கும். ஈர நெப்பி கட்டிக் கட்டிப் பிள்ளையின் இடுப்பு சிவந்து, புண்ணாகிவிட்டது. டவுனில் டாக்டரிடம் காட்டினோம். "களிம்பு தாறேன். ஆனா காஞ்ச துணிதான் இதுக்கு மருந்து" என்றார். அடுப்புக்கு மேலே கட்டினால் புகை ஏறிப் பிள்ளை தும்முகிறது. இஸ்திரி போட்டால் ஓரம் தீய்கிறது, நடு ஈரமாகவே இருக்கிறது. நெப்பி காயவைக்கத் தெரியாத நானெல்லாம் ஒரு தாயா?

அப்போதுதான் கம்ப்யூட்டரின் முதுகு கண்ணில் பட்டது. சுடச்சுடக் காற்று... சும்மா போகிறதே!

பன்னிரண்டு நெப்பியையும் அதன் மேல் போர்த்திவிட்டேன். அரை மணி நேரத்தில் மெஷின் மூச்சடைத்து நின்றுவிட்டது.

"இந்தாம்மா! தோண்டுற மெஷினுக்குக் கோவணமா கட்டிவிட்டிருக்க?"

"பிள்ளைக்குக் கட்ட ஒன்னு காயலையே, நான் எங்க போறது?"

இந்தச் சத்தத்துக்குத்தான் பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து டீமேக்கர் ஐயா வந்தார். தேயிலைக் கொழுந்தைச் சூட்டுக் காற்றில் வாட்டி வாட்டியே தலை நரைத்தவர். முகர்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"மேல காஞ்சிருச்சு, உள்ள பச்சையா இருக்குங்க டீச்சர். இப்படி அமுக்கிப் போட்டா நாசந்தான்."

"ஐயா, இது கொழுந்து இல்லைங்க. நெப்பி."

"எல்லாம் ஒன்னுதாங்க. கீழ இருந்து காத்து ஏறணும். தம்பி, மெஷினைப் படுக்கப் போட்டு மூடியைக் கழட்டுங்க. ஒசக்க வலை கட்டி மெல்லிசா பரத்தணும். அப்பப்ப ஒரு கை பெரட்டி விடணும்."

கோழிக்கூட்டு வலை வந்தது. மூன்றே மணி நேரம்... பன்னிரண்டும் மொறுமொறுவென்று காய்ந்தன! செவ்வாய்க்கிழமை பிள்ளையின் இடுப்பில் சிவப்பு வெளுக்கத் தொடங்கியது. எனக்கு அந்த இன்டர்நெட்டின் முகம் தெரியாத மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

புதன்கிழமை இவர் நுவரெலியா டவுனுக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். மரம் விழுந்து எங்கள் போன் லைன் செத்து ஒரு வாரம். லைன் இல்லாவிட்டாலும் மெஷின் தோண்டிச் சேர்த்துவைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். சேராதாம். டவுன் இன்டர்நெட் கடையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். வந்த கோபத்தில் புரோகிராமை அழித்தார். முன்பு தோண்டியது ஏதோ கொஞ்சம் இருந்ததாம், அதுவும் போயிற்றாம். போகட்டும், ஒரு வடைகூட வாங்க முடியாத காசுதானே?

எனக்குக் கவலை அதுவல்ல. காற்றாடி நின்றுவிட்டது.

"என்னங்க! ஆறு நெப்பி இன்னும் காயலைங்க. புண்ணு பாதிதான் ஆறியிருக்கு. இன்னும் கொஞ்ச நாளைக்குத் தோண்டுங்களேன்!"

"எதைத் தோண்ட? அதான் அழிச்சாச்சே."

மெஷினைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை. தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. இவர் பிள்ளையைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், கடைசியில் மிகவும் பணிவாகச் சொன்னார்.

"கார் ரேஸ் ஓட்டினாலும்... மெஷின் நல்லாச் சூடாகும்."

ஆபீஸுக்குக் கிளம்பும் கணவனை மறித்து, "நாலு நெப்பி இன்னும் ஈரங்க, ஒரு ரேஸ் ஓட்டிட்டுப் போங்களேன்" என்று தினமும் கெஞ்சும் மனைவி, இந்த மலைநாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.