வாச்சர் நானாவின் மணல்

எல்லைக் கல்லருகே நின்று கலீலுர் றஹ்மான் இடுப்புச் சாரத்தின் கரையை உதறுகிறார். பிறகு ஒரு செருப்பு, அப்புறம் மற்றது. ஒட்டிய மணல் உள்ளே விழுந்த பிறகுதான் வெளியே கால் வைப்பார். மணலை வாரிக்கொண்டு போகிறவர்கள் எங்கும் உண்டு. தட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் இவர் ஒருவர்தான்.

நிலாவெளிக்கு வடக்கே, கடலுக்கும் களப்பு நீருக்கும் நடுவில் கிடக்கும் இந்த மணற்காட்டை ஊரார் பாலைவனம் என்பார்கள். அடம்பன்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தவிர ஒன்றும் முளைக்காது. கரையெல்லாம் ஹோட்டல் எழும்பத் தொடங்கியபோது, இதையாவது ஒருவரும் தொடாமல் என்றைக்கும் இப்படியே விடுவதென்று எழுபத்தைந்தில் அரசாங்கம் கல் நாட்டி, இவரைக் காவலுக்குப் போட்டது.

"மணலுக்குக் கால் முளைச்சு ஓடவா போகுது, வாச்சர் நானா?" என்று பஸ்ஸிலிருந்து கிண்டல் வரும்.

"ஓடாது தம்பி. லொறியில ஏறித்தான் போகும்."

இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். "எல்லாத்தையும்தானே நாம எடுத்திட்டம். ஆருக்கும் பிரயோசனமில்லாம இது ஒண்டு கிடக்கட்டுமே."

ஊருக்குச் சொல்வது சுலபம். மகள் அசனாவுக்குக் கலியாணம் பேசியாயிற்று. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் நடக்காது. சுவர் எழும்பிவிட்டது, பூசத்தான் மணல் இல்லை. ஆற்றுமணல் கிண்ணியாத் துறை தாண்டி வரவேண்டும். லொறி கிடைத்தால் அதை ஏற்றிக் கடக்கும் பாதைப் படகு ஓடாது, படகு ஓடினால் லொறி கிடைக்காது. கலியாணம் தள்ளித் தள்ளிப் போகிறது.

"மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு காலம் பொறுப்பாங்க? வளவுக்குப் பின்னால மணல் மலையாக் கிடக்குதே!" என்று மனைவி உம்மு குல்சும் அழுதாள். பாவம், அவள் பக்கமும் நியாயம் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பன் ஸைனுலாப்தீன், உதவி செய்வதாக நினைத்து, அந்த மணலையே வண்டி நிறைய அள்ளி வந்திருந்தார். மேசன் முன்சுவரைப் பூசியும் விட்டான்.

"திருப்பிக் கொண்டு போய்ப் போடுங்க, மச்சான்." என்றார் கலீலுர் றஹ்மான்.

"கலியாணம் நிண்டாலுமா?"

"நிக்கப்படாது எண்டுதான் துஆ கேக்கிறன். ஆனா இது ஏலாது."

ஸைனுலாப்தீன் மணல் வண்டியின் மாட்டைத் திருப்பினார். கோபமா வெட்கமா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பூசிய சுவர்தான் மிச்சம். கலீலுர் றஹ்மான் மேசனின் கரண்டிக்குக் கை நீட்டினார்.

"சீமெந்து சேர்ந்தது இனி மணலாகுமா, நானா?"

"ஆகாது. தெரியும்."

மகளின் முகத்தைப் பார்க்காமல் ஈரச்சுவரைச் சுரண்டத் தொடங்கினார். அசனா மேசனின் சாந்துத் தாச்சியை எடுத்து வந்து, வாப்பாவின் கைக்குக் கீழே பிடித்தாள்.