மூன்றாம் நாள் கச்சேரியும் அண்ணனின் காதும்

என் அண்ணனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். ஊசி. காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் மாத்திரை போதும் என்று சாதிப்பான். எனக்கோ பயமில்லாத பொருளே கிடையாது. பல்லி, இடி, எதிர்வீட்டு நாய் என்று பட்டியல் நீளும். அதில் முதல் இடம் அப்பாவுக்கு.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் வாடகை வீடு. அப்பாவும் அண்ணனும் பாடியில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அப்பா விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். அண்ணன் மின்சார ரயிலில் கொரட்டூர் வரை போவான். நான் அதே ரயிலில் பட்டரவாக்கத்தில் இறங்கி, தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றப் போவேன். பிளாட்பாரம் வந்ததும் அண்ணன் என்னைத் தெரியாதவன்போல் நடப்பான். அவன் பொதுப் பெட்டி, நான் பெண்கள் பெட்டி. நடுவில் ஒரு கம்பி வலைத் தடுப்பு. நான் அந்தத் தடுப்பில் சாய்ந்தபடி உட்காருவேன். காரணம் இருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் நின்றுகொண்டு தினமும் பாட்டைப் பற்றிச் சண்டை போடுவார்கள். அந்த இருவரின் முகத்தை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு யாரையும் அழைத்து வர அப்பா விடமாட்டார். எனக்கு அவர்கள் இரண்டு குரல்கள், அவ்வளவுதான். ஒன்று கட்டைக் குரல், ஒன்று கீச்சுக் குரல். சண்டை சூடு பிடிக்கும்போது பட்டரவாக்கம் வந்து தொலைக்கும். மிச்சத்தை மறுநாள்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் தீர்ப்பு சொல்கிறவன் அண்ணன். ரேடியோவில் பாட்டு ஆரம்பிக்குமுன் பாடுகிறவர் இழுக்கும் மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவான். கொரட்டூர் டீக்கடையில் பந்தயம் கட்டிப் பார்த்து எல்லோரும் தோற்றுப்போனார்கள். "மச்சானுக்குக் காது இல்லடா, மிஷினு" என்று கட்டைக் குரல் சொல்லும். அண்ணன் அதை மறுத்ததே இல்லை.

ஒவ்வொரு மே மாதமும் அவர்கள் தொழிற்சாலை மைதானத்தில் மனமகிழ் மன்றம் மூன்று நாள் கோடை விழா நடத்தும். மூன்று சாயங்காலமும் பாட்டுக் கச்சேரி. எந்த நாள் எந்தக் குழு என்று ரோஸ் நிறக் காகிதத்தில் நோட்டீஸ் வந்துவிட்டால் ரயிலில் வேறு பேச்சே கிடையாது.

அந்த வருடம் நோட்டீஸ் வந்த காலையில் கட்டைக் குரல்தான் ஆரம்பித்தது.

"இன்னாடா லிஸ்ட்டு இது? மொத நாளு சுமாரு. ரெண்டாம் நாளு அந்தப் பழைய குரூப்பு, அவனுங்க டிரம்ஸு அடிச்சா தகர டப்பா உருள்ற மாரி கீது. மூணாம் நாளு யாரோ பூந்தமல்லி பார்ட்டியாம். பேரே கேள்விப்படல."

"நான்தான் மன்றத்துல சொல்லி அந்தப் பார்ட்டிய போட வெச்சேன்" என்றான் அண்ணன். "ஒரு கல்யாணத்துல அவுங்க பாடினத நம்மாளு கேசட்டுல புடிச்சிகினு வந்தான். டீக்கடையில ரெண்டு பாட்டு ஓடிச்சி. லாரி சத்தத்துல முழுசா கேக்கல. ஆனா அந்தப் பொண்ணு கொரலு கீது பாரு, இந்த லிஸ்ட்டுலயே டாப்பு."

அந்தப் பூந்தமல்லிக் குழுவின் பெண் குரல் நான்தான்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவில் பாடினேன். பாதிப் பாட்டில் அப்பா மேடையேறி, என் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார். "இது இன்னா கூத்தாடி ஊடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். ஒரு வாரம் கன்னம் வீங்கியிருந்தது. அதன் பிறகு வீட்டில் நான் பாடியதில்லை. துணி துவைக்கும்போது முணுமுணுப்பதோடு சரி. காயில் கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி அந்த முணுமுணுப்பைக் கேட்டுவிட்டு, பூந்தமல்லியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த தன் சித்தப்பாவிடம் கூட்டிப்போனாள். அவர்தான் குழுவை நடத்தினார். நாங்கள் மாஸ்டர் என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒன்றரை வருடமாகக் கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் பாட்டு மட்டும் போகாது. வேலைக்கு முழுக்குப் போட வைத்து, அடுத்த முகூர்த்தத்திலேயே எவன் கையிலாவது பிடித்துக் கொடுத்துவிடுவார். அதை அவர் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

மாஸ்டரிடம் போய், அந்த மேடைக்கு மட்டும் வரமாட்டேன் என்றேன்.

"ஏம்மா, இவ்ளோ பெரிய ஸ்டேஜு நமக்கு எப்ப கெடைச்சிது?" என்றார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ வரலன்னா வேற பொண்ணப் பாக்கணும். வர்ற பொண்ண அப்பறம் போன்னு சொல்ல முடியாதும்மா."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

அந்த வாரமே அண்ணன் கேசட்டை வீட்டுக்குக் கொண்டு வந்தான். அப்பாவுக்கு அன்று தொடர்ந்து இரண்டு ஷிப்ட். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். டேப்ரிகார்டரில் முதலில் கல்யாணக் கூச்சல், பிறகு கிடார், பிறகு என் மூச்சு. உச்சியில் எடுக்க வேண்டிய இடங்களில் எனக்கு ஒரு சின்ன விக்கல் மாதிரி மூச்சு வரும். அது மைக்கில் அப்படியே விழுந்திருந்தது. பாட்டு நின்றது. அண்ணன் திரும்பச் சுற்றினான். மறுபடி அந்த மூச்சு. மறுபடி சுற்றினான். மூன்றாம் தடவை அந்த மூச்சோடு நிறுத்தினான். கத்தி விரலில் பட்டது எனக்குத் தெரியவில்லை. வெங்காயம் சிவந்த பிறகுதான் பார்த்தேன்.

அவன் அடுப்படிப் பக்கம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுப் பொறுமையாகச் சுற்றுகிறவன், அந்தக் கேசட்டின் நாடாவை முழம் முழமாக உருவிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேப்பு சரியில்ல" என்றான், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் ரயிலில் அண்ணன் வேறு ஆளாகிவிட்டான்.

"அந்தப் பூந்தமல்லி பார்ட்டி வேணாம்டா" என்றான். "வேஸ்ட்டு. லிஸ்ட்டுலேர்ந்து தூக்கச் சொல்லப்போறேன்."

"இன்னாடா மச்சான், முந்தாநேத்து டாப்புன்ன?" என்றது கீச்சுக் குரல்.

"லாரி சத்தத்துல தப்பா கேட்டுட்டேன். அந்தப் பொண்ணுக்கு சுருதி நிக்கல. கத்துது."

"எங்க, கேசட்டக் குடு, நான் கேக்கறேன்."

"டேப்பு சிக்கிப் பூட்ச்சி."

பட்டரவாக்கம் வந்தது. இறங்கி நடந்தேன். கண்ணீர் வந்தது. என்னைக் கண்டுபிடித்துவிட்டானா, அல்லது நிஜமாகவே நான் கத்துகிறேனா? கண்டுபிடித்திருந்தால் அப்பாவிடம் எப்போது சொல்வான்? இரண்டில் எது என்று தெரியாததுதான் பெரிய சித்திரவதை. இதற்கு நடுவில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கோபமும் வந்தது. சுருதி நிற்கவில்லையாம்! இவனுக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் திட்டினேன்.

அடுத்த பத்து நாளும் அதே கதை. அண்ணன் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு குழுவை நீக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டான். இரண்டு கூட்டாளிகளும் போட மறுத்தார்கள். மனமகிழ் மன்றத்துச் செயலாளர், நோட்டீஸ் அடித்தாயிற்று, நீ சொல்லித்தானே போட்டோம் என்று கத்தியிருக்கிறார். கடைசி நாள் கச்சேரியை மட்டும் யாரும் பார்க்க வேண்டாம் என்றுகூட அண்ணன் ரயிலில் கெஞ்சிப் பார்த்தான். கட்டைக் குரல் சிரித்தது.

வீட்டில் அவன் என்னோடு பேசுவதே நின்றுபோனது. சாப்பிடும்போது அப்பா வாயைத் திறந்தாலே, இப்போது வெடிக்கப்போகிறது என்று குழம்புச் சட்டியோடு அடுப்படிக்கு நழுவுவேன். அவர் உப்பு கேட்பார். ஒரு ராத்திரி அப்பாவே பேச்செடுத்தார்.

"ஞாயித்துக்கெழம கச்சேரிக்கு என்னிய மொத வரிசைல ஒக்காரச் சொல்லிகீறாங்க" என்றார். "இருவத்தஞ்சி வருசம் சர்வீசு இல்ல?"

அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மூணாம் நாளு நல்லா இருக்காது நைனா. மொத நாளு போ."

"உன்ன யாருடா கேட்டா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓவர்டைமுக்குப் புறப்பட்டேன். மாஸ்டர் வீட்டில் புடவை மாற்றி, முகம் தெரியாத அளவுக்குப் பவுடர் அப்பிக்கொண்டேன். அந்த மைதானத்தில் என்னை அடையாளம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவருக்கு நான் வருஷம் முழுவதும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பவுடர் எந்த மூலைக்கு?

ஐந்து மணிக்கு வெயில் இன்னும் முதுகைச் சுட்டது. மேடைக்குப் பக்கத்தில் துணித் தடுப்பு. அதன் கிழிசல் வழியாகப் பார்த்தேன். அப்பா வந்துவிட்டார். முதல் வரிசை, நடு நாற்காலி. தோளில் புதுத்துண்டு. மேடையிலிருந்து பத்தடி இருக்கும். முதல் பாட்டு ஆண் குரல். இரண்டாவதும் ஆண் குரல். மூன்றாவது என்னுடையது.

முதல் பாட்டு முடிந்தது. ஓடிவிடலாம் என்று பின்பக்கம் பார்த்தேன். வழியில் ஜெனரேட்டர் வண்டி நின்றிருந்தது. மாஸ்டரின் மனைவி தண்ணீர் கொடுத்தார், அதில் பாதி புடவையில் கொட்டியது. இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. அது முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நான் அறிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன்.

கடைசிச் சரணத்தின்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணன் வந்தான். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அப்பாவின் நாற்காலி முன்னால் மடங்கி உட்கார்ந்தான். அப்பா பதறி எழுந்தார். அவன் என்னவோ சொன்னான். அப்பா அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். துண்டு கீழே விழுந்து கிடந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. அண்ணன் மேடைப் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை.

அன்று ஆறு பாட்டுப் பாடினேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆறு பாட்டையும் பயத்தோடுதான் பாடினேன், அப்பா திரும்பி வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே. அண்ணனுக்கு நிஜமாகவே என்னவோ ஆகிவிட்டதோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. 'ஒன்ஸ் மோர்' என்று ஒரு கட்டைக் குரல் கத்தியது. எனக்குத் தெரிந்த குரல். ஆளைப் பார்க்கத் தைரியமில்லை.

எட்டரைக்கு வீடு சேர்ந்தபோது அண்ணன் பாயில் குப்புறப் படுத்திருந்தான். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"ஒண்ணும் இல்லியாம். வாயுவாம். டாக்டரு ரெண்டு ஊசி போட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் என் கைய இறுக்கிப் புடிச்சிகினு அழுவறான், கல்யாண வயசு வந்த பையன்."

இரண்டு ஊசி.

அப்பா குளிக்கப் போனதும் வெந்நீர் எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் தலையணையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"அந்தப் பூந்தமல்லிப் பொண்ணு மைக்க வாய்கிட்டயே புடிக்குது" என்றான். "மூச்சு கேக்குது. ஒரு சாண் தள்ளிப் புடிச்சா கேக்காது. யாராச்சும் அதுகிட்ட சொல்லணும்."

"சொல்லிடறேன்" என்றேன். அதற்குள் குளியலறைக் கதவு திறந்தது. இருவரும் விலகிக்கொண்டோம்.

திங்கட்கிழமை ரயிலில் வழக்கம்போல் தடுப்பில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் கீச்சுக் குரல் துள்ளியது.

"எங்கடா போன நேத்து? இன்னா கொரலுடா அது! மூணு நாள்ல அதான்டா கச்சேரி. மைதானமே எழுந்து நின்னிச்சி. சுருதி நிக்கலன்ன? கத்துதுன்ன?"

"எனக்குப் புடிக்கல. அதான் பாதில கெளம்பிட்டேன்" என்றான் அண்ணன்.

"போடா" என்றது கட்டைக் குரல். நிஜமான வெறுப்பு அதில் இருந்தது. "காதாம், மிஷினாம். இத்தினி வருசம் உன் பேச்ச நம்பினோம் பாரு. உனக்குப் பாட்டப் பத்தி ஒரு எழவும் தெரியாது. இனிமே லிஸ்ட்டப் பத்தி நீ வாயத் தொறக்காத."

அண்ணன் பதில் சொல்வான் என்று காத்திருந்தேன். திருமுல்லைவாயில் போனது, அம்பத்தூர் போனது. அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம், சத்தமாக அழுதுவிடுவேனோ என்ற பயத்தில், பட்டரவாக்கம் வரும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.