பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்

ஆரோக்கியராஜ் காலமானார் என்று செவ்வாய்க்கிழமை காலை அவர் மனைவி தொலைபேசியில் சொன்னார். மாரடைப்பு. விவேக் நகர் தேவாலயத்தில் பூசை முடிந்து, அடக்கமும் முடிந்து வீடு திரும்பும்வரை எனக்குத் துக்கம் மட்டும்தான் இருந்தது. மறுநாள் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த பத்திரிகை வெளியிட்ட அஞ்சலியைப் படித்தேன். ‘மென்மையானவர். வேகக் கார்களின் ரசிகர். மோட்டார் பகுதியைப் பல ஆண்டுகள் கவனித்து, பின்னர் தாமாக விரும்பி விலகினார்.’ இவற்றில் நடுவில் இருப்பது மட்டும்தான் உண்மை. ராஜை அறிந்தவர்களுக்காக மற்ற இரண்டையும் நான் திருத்தியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் பெரிய எஞ்சின் கார்கள் வரத் தொடங்கியிருந்தன. வாங்கிய இளைஞர்கள் நேராக ஜே.சி. ரோட்டுக்குப் போய் இரட்டைச் சைலன்சர் கேட்டார்கள். கடைக்காரர் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். வாங்குபவர் காருக்குப் பின்னால் நின்று கேட்பார். உறுமல் பிடித்திருந்தால் பேரம் முடிந்தது. ராஜுக்கு இது பொறுக்காது. “ஆறு சிலிண்டர் வண்டியா, தாராளமா ரெண்டு குழாய் போடு, நடுவுல ஒரு இணைப்பும் குடு. நாலு சிலிண்டருக்கு எதுக்குடா? ரெண்டு மூக்கு வச்சா ரெட்டிப்பு மூச்சு வருமா?” என்பார்.

ஒருநாள் கட்டுரைக்காக அப்படியொரு கடைக்குப் போனோம். பொம்மனஹள்ளியில் குடியிருந்த செந்தில் என்ற மென்பொருள் பொறியாளர், சில வாரங்களுக்கு முன் மாட்டிய இரட்டைக் குழாய் ஆடுவதைச் சரிசெய்யக் காரைக் கொண்டுவந்திருந்தார். ராஜ் அனுமதி கேட்டுப் பின்சீட்டில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றினார்.

“ஏனு சார், மாப்பிள்ளை மாதிரி பின்னால ஏறிட்டீங்க?” என்றார் கடைக்காரர்.

“முன்னாடி இருக்கறவனுக்குச் சத்தம், பின்னாடி இருக்கறவனுக்குப் புகை. ஓட்டுங்க பாய்.”

லால்பாக் வரை போய்த் திரும்பியதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். குனிந்து பார்த்தார். அழகுக்காகக் குழாய்களின் வாய் பம்பருக்கு உள்ளேயே வெட்டி நிறுத்தப்பட்டிருந்தது. வண்டி ஓடும்போது புகை டிக்கி வழியாக உள்ளே திரும்பும், அதிலுள்ள கொல்லும் வாயுவுக்கு வாசனைகூடக் கிடையாது என்று செந்திலிடம் சொன்னார். குழாயை வெளியே நீட்டச் சொன்னார்.

“நீட்டினா லாரி மாதிரி இருக்கும் சார்” என்று செந்தில் சிரித்தார்.

ராஜ் கடையின் பெயரோடு எழுதினார். அந்தக் கடை எங்களுக்கு வாராவாரம் விளம்பரம் தருவது. விளம்பர மேலாளர் ராஜின் மேசைக்கே வந்தார். “சத்தம் பிரமாதம்னு மட்டும் எழுதுங்களேன், ராஜ்.”

“பிரமாதம்தான் சார். கேட்டுக்கிட்டே உயிரை விடலாம்.”

கட்டுரை வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ராஜ் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பொம்மனஹள்ளிக்குப் போனார். வாசலில் செந்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மனைவி, சின்ன மகனோடு கிருஷ்ணகிரிக்குப் பயணம்.

“மறுபடியுமா? உங்க ஸ்கூட்டருக்கு ரெண்டு குழாய் போட முடியலன்னு வயித்தெரிச்சலா சார்?”

ராஜ் அவரை விட்டுவிட்டு அவர் மனைவி கவிதாவிடம் திரும்பினார். “பையன் எங்கம்மா உக்காருவான்?”

“பின்னாடிதான் சார். ஏறினதுமே தூங்கிடுவான்.”

“இறங்கறப்போ?”

“தலை வலிக்குதுன்னு அழறான். போன வாரம் வாந்தி எடுத்தான். ஏசி ஒத்துக்கலைன்னு இவர் சொன்னார்.”

“எப்போலேர்ந்தும்மா?”

கவிதா காரின் குழாய்களைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். “நாளைக்கு பஸ்ல போறோம். இதைக் கழட்டிட்டு வந்து சாவி கேளுங்க.”

திங்கட்கிழமை செந்தில் குழாய்களைக் கழற்றிக் கடையில் வீசிவிட்டு வந்தார். கடைக்காரர் பத்திரிகையை அழைத்துப் புகார் சொன்னார். அந்த வாரமே மோட்டார் பகுதி ராஜிடமிருந்து பறிக்கப்பட்டது. ஓய்வு பெறும்வரை ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ தொகுத்தார். இதற்குப் பெயர்தான் தாமாக விரும்பி விலகியது.

அஞ்சலியைப் படித்ததும் பத்திரிகைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அதே விளம்பர மேலாளர். இப்போது இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார்.

“எதுக்கு சார் பழசெல்லாம்? போனவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போட்டிருக்கோம்.”

“அவர் சண்டை போட்டாரு சார். அதுதான் நல்லது. அதைப் போடுங்க.”

“பாக்கலாம்” என்று வைத்துவிட்டார். திருத்தம் வரவில்லை, வராது.

ராஜ் மென்மையானவர் அல்ல. அந்த வெள்ளிக்கிழமை பொம்மனஹள்ளியிலிருந்து திரும்பி வரும்போது ஓசூர் ரோடு முழுக்க அவர் அந்தக் கடைக்காரரையும் மேலாளரையும் திட்டிக்கொண்டே வந்தார். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பெயர்கூடத் தெரியாத ஒரு பிள்ளைக்காக வந்த கோபம் அது. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்தக் கோபத்தைத்தான். அது இன்னும் ஆறவில்லை. ஆற விடப்போவதும் இல்லை.