ஐந்தாவது கொக்கி

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு நிஜமாகவே நடந்தது. ராணுவ முகாமில் சீருடை தைப்பவர். "நாளைக்குத் தந்துடறேன்" என்பதைத் தவிர வேறு பொய் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

அவருடைய அக்காவுக்கு ஒரே மகன். தூங்குமூஞ்சி என்றுதான் தாய்மாமன் அவனைக் கூப்பிடுவார். பட்டாளத்தில் சேர்த்துவிட்டதும் அவர்தான். மலைமேல் நடந்த சண்டையில் பையன் செத்துப்போனான். மண் சரிந்து மூடிவிட்டதால் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவனுடைய அதிகாரி வீட்டுக்கே வந்து சொன்னார். "நாங்க தப்பிக்கணும்னு அவன் தனியா நின்னு சுட்டாம்மா. ஒரே குண்டு. வலியே தெரிஞ்சிருக்காது."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா உயிரை வைத்திருந்தாள்.

பையனுக்கு வீர விருது அறிவித்தார்கள். விழாவில் பதக்கம் வாங்குகிறவர்களின் சட்டையில் முன்கூட்டியே ஒரு சின்னக் கொக்கி தைத்துவிடுவது வழக்கம். மேடையில் பதக்கத்தை அதில் மாட்டினால் போதும். இறந்தவருக்குக் கொக்கி கிடையாது. பெட்டியில் வைத்துக் குடும்பத்திடம் கொடுத்துவிடுவார்கள். அன்று உயிரோடு வந்தவர்கள் நான்கு பேர். அந்த அதிகாரியும் அதில் ஒருவர். கொக்கி தைக்கும் வேலை நம் தையல்காரருக்கு.

காலை பத்து மணி. அறை நிறைய வெயில். நான்காவதாக அதிகாரிக்குத் தைத்து முடித்ததும் காக்கி நூல் தீர்ந்துவிட்டது. அவர் போய் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு தைங்க மாமா."

முகாமில் எல்லோருக்குமே அவர் மாமாதான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நீல நூலைக் கோத்தார்.

சட்டை ஈரமாக இருந்தது.

"என்னப்பா, சேத்துல உருண்டியா?"

தைக்கும்போது யாருக்கும் நெஞ்சு ஏறி இறங்கும். இந்த நெஞ்சு அசையவே இல்லை...

நூலைப் பல்லால் கடித்தார். வாயெல்லாம் மண்.

டக்... டக்... டக்...

சத்தம் அந்த நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. இதயத் துடிப்பு இல்லை. யாரோ பலகையைத் தட்டுகிற சத்தம்.

தொங்கிய கையைப் பார்த்தார். விரல்களில் நகம் இல்லை.

நிமிர்ந்தார்.

தூங்குமூஞ்சி.

"கதவைத் திறக்கச் சொல்லுங்க மாமா."

அப்புறம்... எதிரே யாருமே இல்லை.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்தத் தட்டுற சத்தம்... உங்களுக்கும் கேக்குதா?"

கேட்டவர்தான், அரைமணி நேரத்தில் மேடையேறிப் பதக்கம் மாட்டிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். தையல்காரர் கண்ணில் ஏதோ மயக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த கோடையில் மலையில் மண்ணை அகற்றினார்கள். அடையாளம் காட்டத் தாய்மாமனைத்தான் கூப்பிட்டார்கள்.

பையன் பதுங்குகுழிக்குள் கிடந்தான். உடம்பில் ஒரு குண்டுக் காயம்கூட இல்லை. ஓடிவிடாமல் நின்று சுடவேண்டும் என்று கதவை வெளியிலிருந்து தாழ் போட்டிருந்தார்கள். உள்பக்கப் பலகை முழுக்க நகக் கீறல். செத்துப்போக இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

சட்டைப் பைக்கு மேல் ஒரு கொக்கி இருந்தது.

நீல நூலில் தைத்தது.

தையல்காரர் அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரே குண்டுதானே, தம்பி? வலி தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது அக்கா."

அப்போது உள்ளே, பதக்கம் வைத்திருந்த பீரோவுக்குள்ளிருந்து...

டக்... டக்... டக்...

"எலிடா," என்றாள் அக்கா. "பதக்கம் வந்த நாள்லேருந்தே இந்தத் தொல்லைதான். வெளியே வந்துடக் கூடாதுன்னு தாழ் போட்டு வெச்சிருக்கேன்."