இல்லாத பனங்குற்றி

எங்கள் நாய்க்கு வயது பதினாலு. முதல் நாள் நாலு வாய் தின்றது. இரண்டாம் நாள் ஒரு வாய். மூன்றாம் நாள் எதுவுமில்லை. குளத்து நீர்மட்டத்தை முப்பத்தொரு வருடம் காலையும் மாலையும் அளந்து எழுதியவன் நான். இறங்கிக்கொண்டே போகிற எண்களைக் கண்டால் எனக்கு நித்திரை வராது.

எங்கள் வட்டக்கச்சி வீட்டுக்கு வந்த மிருக வைத்தியர் நாயின் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார். இரண்டிலும் பால் படர்ந்து, பார்வை போய் ஒரு வருடமாகிறது என்றேன். முற்றத்தின் தெற்குப் பக்கத்து வெறும் மண்ணில் ஓயாமல் சுற்றுகிறது, நேற்று மட்டும் நாற்பத்தேழு சுற்று என்றும் சொன்னேன்.

"வயசு போனால் மூளையும் மங்கும் ஐயா. எங்க நிக்கிறன் எண்டு அதுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள சாப்பிடாட்டி ஊசியைப் போட்டுவிடுறதுதான் நல்லது. வதைக்கக்கூடாது."

அன்று புதன்.

வியாழன் காலை சோற்றையும் மீனையும் பிசைந்து விறாந்தையில் வைத்தேன். நாய் மணந்தும் பார்க்கவில்லை. பூனைதான் தின்றது. அதற்கு வயது பத்து, மிச்சமிருக்கும் பற்கள் ஐந்து. நாயின் பங்கையும் சேர்த்துத் தின்று மினுங்குகிறது. நான் கதிரையை முற்றத்தில் போட்டு உட்கார்ந்து சுற்றுகளை எண்ணத் தொடங்கினேன்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் எண்ணுற எண்ணிலதான் அவனுக்குத் தலை சுத்துது," என்று குசினி யன்னலில் நின்று மனைவி சொன்னார்.

பத்தொன்பது காலடி, ஒரு திரும்பல். பன்னிரண்டு காலடி, ஒரு திரும்பல். மறுபடி பத்தொன்பது. மூளை மங்கினால் வட்டமாக அல்லவா சுற்றவேண்டும்? இது மூலை மூலையாகத் திரும்பியது. பிறகு ஒரு பக்கத்தின் நடுவில் நின்று, முன்னங்காலை உயர்த்தி, எதையோ தாண்டி வைத்தது. அங்கே கூட்டின மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. வாதம் பிடித்த பின்னங்கால்களையும் நடுங்க நடுங்க அப்படியே தூக்கி வைத்தது. உள்ளே ஒரு மூலைக்குப் போய் மண்ணை மணந்தது. திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடி தாண்டியது.

"இஞ்ச ஒருக்கா வாரும். இவன் கால் தூக்கிறதைப் பாரும்."

மனைவி ஈரக்கையோடு வந்து பார்த்தார்.

"அதில எல்லோ பனங்குத்தி கிடந்தது. மழைத்தண்ணி உள்ளுக்க வரக்கூடாதெண்டு நீங்கள்தானே போட்டனீங்கள்."

யுத்தம் முடிந்து மீளக்குடியேறியபோது எங்கள் தகரக்கொட்டில் நின்ற இடம் அது. நாய் குட்டியாக வந்ததும் அதற்குள்தான். இந்தக் கல்வீடு எழும்பியதும் கொட்டிலைப் பிரித்தோம். வாசலில் குறுக்கே கிடந்த அந்தப் பனைமரக் குற்றியைக் கொத்தி எரித்தோம். பதினொரு வருடமாகிறது.

அளவுநாடாவை எடுத்து நாயின் தடத்தை அளந்தேன். பதினாறடிக்குப் பத்தடி. நான் கட்டிய அளவு. மூன்று வருடம் அதற்குள் படுத்தெழும்பியவன் நான், தினமும் அந்த மண்ணில் நடப்பவன், சுவர் எங்கே நின்றதென்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கண் தெரியாத இந்தச் சீவன் அதைத் தன் உடம்புக்குள் அப்படியே வைத்திருந்திருக்கிறது. எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியும்.

"அந்த மூலையில என்னத்தை மணக்கிறான்?"

"அது என்ரை அடுப்படி. அதிலதான் அப்ப அவனுக்குச் சோறு வைக்கிறனான்."

மனைவி குசினிக்குள் போய் நாய்ச்சட்டியோடு வந்தார். குற்றி கிடந்த இடத்துக்கு வந்ததும் சேலையைச் சற்றுத் தூக்கி, தானும் காலை உயர்த்தி வைத்து உள்ளே போனார். விளையாட்டுக்குச் செய்ததாகத் தெரியவில்லை. சட்டியை மூலையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

நாய் சுற்றி வந்தது. நின்றது. தாண்டியது. மூக்கைத் தாழ்த்தியது. சட்டி மண்ணில் உராயும் சத்தம் கேட்டது.

பூனை குறுக்கால் நேரே ஓடிவந்தது. அந்தக் கொட்டிலைக் காணாத பிறவி அது.

"போ அங்கால!" என்று மனைவி கலைத்தார். "வாசலால வரத் தெரியாதோ உனக்கு?"

இது எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அந்தக் கவலை என்னை விடவும் இல்லை. ஆனாலும் வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

"டொக்டர், நாளைக்கு ஊசி வேண்டாம். முப்பத்தொரு வாய் சாப்பிட்டிட்டான்."

"அட, எப்பிடி ஐயா சாப்பிட வைச்சனீங்கள்?"

"வீட்டுக்குள்ள கொண்டுபோய் வைச்சனாங்கள்," என்றேன்.